டோஸ்டருக்கென்றே ஒரு ரொட்டி

இங்கிலீஷ் மஃபின் பிரெட்டை ஓவனிலிருந்து எடுத்த அன்றே, டோஸ்ட் செய்யாமல் ஒரு துண்டு வெட்டித் தின்று பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நிறம் வெளிறியிருக்கும். உள்ளே பெரிதும் சிறிதுமாக ஒழுங்கில்லாத ஓட்டைகள். லேசான ஈரப் பிசுபிசுப்பு, கொஞ்சம் தூக்கலான ஈஸ்ட் வாடை, அடியில் நறநறக்கும் மக்காச்சோள ரவை. பேக்கரித் தொழில் கற்கும் மாணவர் ஒருவர் இதைத் தேர்வில் கொண்டுபோய் வைத்தால், மாவைப் பிசையவில்லை, இரண்டாம் முறை பொங்கவிடவில்லை, சிவக்கச் சுடவில்லை என்று மூன்று குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதே துண்டு டோஸ்டருக்குள் போய் வந்தால் ஆளே மாறிவிடுகிறது. விளிம்பெல்லாம் முறுகல், குழிகளுக்குள் மிருது, வெண்ணெய் வைத்த இடத்தில் சின்னச் சின்னக் குட்டைகள். சாண்ட்விச் பிரெட்டை என்னதான் பொறுமையாக டோஸ்ட் செய்தாலும் இந்த நிலை அதற்கு வாய்க்காது. காரணம், சாண்ட்விச் பிரெட் ஓவனிலேயே முடிந்துவிட்ட பண்டம். இதுவோ பாதி வேலையைக் கடனாக வைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தேர்வாளர் சொல்லும் மூன்று குற்றங்களும் உண்மைதான். மூன்றையும் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

இந்த ரொட்டியின் மூதாதை, தோசைக்கல் போன்ற தட்டையான இரும்புக் கல்லில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டுச் சுடும் வட்டமான மஃபின். முட்டையும் சர்க்கரையும் சேர்த்துக் காகிதக் கிண்ணத்தில் சுடும் கேக் மஃபினுக்கும் இதற்கும் உறவில்லை. 1747இல் லண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூலிலேயே இதன் செய்முறை இருக்கிறது. அதில் அவர் ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும் தருகிறார். மஃபினை வாட்டிய பிறகு கையால்தான் பிய்த்துத் திறக்க வேண்டும். கத்தி படக்கூடாது, பட்டால் ஈயம்போல் கனத்துவிடும் என்கிறார். பாட்டி வைத்தியம்போல் ஒலிக்கும் இந்த அறிவுரைக்குப் பின்னால் நல்ல இயற்பியல் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டு லண்டனில் மஃபின்காரர்கள் தலையில் தட்டைச் சுமந்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போனார்கள். சத்தம் எழுப்பி விற்பதற்கு 1839ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் தடை போட்டது. ஆனாலும் தெருக்களில் மஃபின் மணி ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று, லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதிய ஹென்றி மேஹ்யூ சில ஆண்டுகள் கழித்துப் பதிவு செய்கிறார். தெரு வியாபாரத்தைச் சட்டம் போட்டு அடக்கப் பார்ப்பவர்கள் எந்த ஊரிலும் தோற்றுத்தான் போகிறார்கள்.

இங்கிலாந்தின் பிளிமத் நகரைச் சேர்ந்த சாமுவேல் பாத் தாமஸ் 1874இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1880இல் மன்ஹாட்டனின் ஒன்பதாம் அவென்யூவில் சொந்தமாக ஒரு பேக்கரி திறந்தார். அமெரிக்கர்களுக்கு மஃபினைப் பழக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் பெயரில் இன்றும் விற்கும் மஃபினின் விளம்பரமே, பிளந்து பார்த்தால் தெரியும் மேடுபள்ளங்களைப் பற்றியதுதான். 2009இல் அந்த வணிகம் மெக்சிகோவின் பிம்போ குழுமத்தின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே ஒரு வழக்கு. பிம்போவின் துணைத் தலைவர்களில் ஒருவர் போட்டி நிறுவனத்துக்கு மாற முயன்றபோது, மஃபினில் அந்த மேடுபள்ளங்களை உண்டாக்கும் முழு ரகசியமும் உலகில் ஏழு பேருக்குத்தான் தெரியும், அவர்களில் இவரும் ஒருவர் என்று சொல்லி நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மஃபினின் ஆண்டு விற்பனை ஏறக்குறைய 50 கோடி டாலர் என்று தீர்ப்பில் இருக்கிறது. அவர் புது வேலையில் சேர விதித்த தடையை 2010 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. ஓட்டைகளுக்காக இவ்வளவு பெரிய வழக்கு!

ஏழு பேரின் ரகசியம் இயந்திரங்களின் அமைப்பைப் பற்றியது, மாவின் ஈரத்தை அணு அணுவாகக் கட்டுப்படுத்துவதைப் பற்றியது. அது நமக்கு வேண்டாம். ஓட்டைகள் ஏன் உண்டாகின்றன என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. வீட்டில் செய்பவர்களுக்கு அது போதும். கல், வளையம், திருப்பிப்போடும் வேலை எதுவும் வேண்டாம் என்று நினைத்த அமெரிக்க வீட்டுச் சமையற்காரர்கள் அதே தளர்ந்த மாவை நீளமான பிரெட் டின்னில் ஊற்றிச் சுட்டார்கள். அதுதான் இங்கிலீஷ் மஃபின் பிரெட். டோஸ்ட் செய்வதற்கான ரொட்டி என்று அச்சிட்டு அங்கே கடைகளிலும் இதை விற்கிறார்கள்.

செய்முறையைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். 360 கிராம் மைதா, 225 மில்லி பால், 60 மில்லி தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், கால் தேக்கரண்டி ஆப்ப சோடா. எல்லாவற்றையும் சேர்த்து, பீட்டரை வேகமாக வைத்து ஒரு நிமிடம் அடிக்க வேண்டும். எண்ணெய் தடவி மக்காச்சோள ரவை தூவிய டின்னில் வழித்துப் போட்டு, விளிம்பைத் தாண்டி லேசாகத் தலைகாட்டும்வரை பொங்கவிட வேண்டும். பிறகு 200 டிகிரி செல்சியஸில் 20 முதல் 27 நிமிடம். மொத்த வேலையும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

100 கிராம் மாவுக்கு ஏறக்குறைய 80 கிராம் திரவம் என்பது இங்கே கணக்கு. சாதாரண சாண்ட்விச் பிரெட்டில் இது 60 முதல் 65தான். சில குறிப்புகளில் மாவும் திரவமும் சம எடைகூட ஆகிவிடுகின்றன. அந்த அளவுக்கு ஈரமான மாவைப் பிசைய நினைத்தாலும் முடியாது, கையோடு வந்துவிடும்.

கோதுமையில் கிளயடின், குளூட்டனின் என்று இரு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. பிசையப் பிசைய வலையின் இழைகள் நீண்டு, ஒரே போக்கில் அடுக்கப்பட்டு, பலம் பெறுகின்றன. பரோட்டா மாஸ்டர் மாவை அடித்து வீசிக் கண்ணாடிபோல் விரிக்கிறாரே, அது இந்த வலையின் உச்சநிலை. மஃபின் பிரெட் அதற்கு நேர் எதிர்முனை. இதில் வலை உண்டு, ஆனால் ஆங்காங்கே திட்டுத் திட்டாக, திசை இல்லாமல், தண்ணீரில் ஊறிய தளர்ச்சியோடு.

பிசையாமலும் குளூட்டனை வளர்க்க ஒரு வழி இருக்கிறது, சும்மா விட்டுவிடுவது. நியூயார்க் பேக்கரிக்காரர் ஜிம் லேஹியின் பிசையாத ரொட்டி 2006இல் நாளிதழ் ஒன்றில் வெளியாகி உலகம் சுற்றியது நினைவிருக்கலாம். அந்த மாவு 18 மணி நேரம் ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் புரதங்கள் தாமாகவே கோத்துக்கொண்டு வலையைப் பலப்படுத்திவிடும். அதனால்தான் அதில் ஓட்டைகளோடு கூடவே நல்ல மெல்லும் பதமும் இருக்கிறது. மஃபின் பிரெட்டுக்குப் பிசைதலும் இல்லை, ஓய்வும் இல்லை. 360 கிராம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி ஈஸ்ட் என்பது தாராளத்திலும் தாராளம். குளூட்டன் விழித்து எழுவதற்குள் மாவைப் பொங்க வைத்து ஓவனுக்குள் தள்ளிவிட அந்த அளவு வேண்டும். விளைவு, இழுவை இல்லாத, பிய்த்தால் உடனே பிய்ந்துவரும் உட்பகுதி. இந்த மிருது டோஸ்ட் ஆனபின் எப்படி உதவுகிறது என்பது பல்லுக்குத் தெரியும். இழுவையான ரொட்டியை டோஸ்ட் செய்தால் தோல் மாதிரி இழுக்கும். இதுவோ மொறுக்கென்று உடைகிறது.

இனி ஓட்டைகள். ஈஸ்ட் வாயுவை உண்டாக்குகிறது, வாயு குமிழிகளை உண்டாக்குகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதில் இரண்டாவது பாதி சரியில்லை. ஈஸ்ட்டால் புதிதாக ஒரு குமிழியைக்கூட உருவாக்க முடியாது. ஈஸ்ட் வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடு முதலில் மாவிலுள்ள தண்ணீரில் கரைகிறது. பிறகு, ஏற்கெனவே அங்கே இருக்கும் காற்றுக் குமிழிகளுக்குள் போய்ச் சேர்ந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. 1941இல் பேக்கர், மைஸ் என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ரொட்டியை ஆராய்ந்தவரின் குடும்பப் பெயரே பேக்கர் என்று அமைந்தது நல்ல பொருத்தம். காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தில் மாவைக் கலந்தபோது ரொட்டியில் குமிழிகள் பெயருக்குத்தான் இருந்தன. மாவில் ஈஸ்ட் இருந்தது, வாயுவும் வந்தது, குடியேற வீடுதான் இல்லை.

அந்த வீடுகள் மாவைக் கலக்கும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றுதான். காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈஸ்ட் சீக்கிரமே தீர்த்துவிடுகிறது. எஞ்சுவது நைட்ரஜன். அது தண்ணீரில் எளிதில் கரையாது, ஈஸ்ட்டுக்கும் அதனால் பயனில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் பொட்டுகளாக மாவெங்கும் தங்கிவிடுகிறது. நாளைக்கு வெண்ணெய் தேங்கப்போகும் ஒவ்வொரு குழிக்கும் விதை இதுதான்.

விதைகள் எல்லாம் சமமாக வளர்வதில்லை. சிறிய குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. ஆரம் பாதியானால் மேற்பரப்பு இழுவிசையால் வரும் உள்ளழுத்தம் இருமடங்காகும் என்பது லாப்லாஸ் விதி. அதிக அழுத்தத்திலுள்ள வாயு கரைந்து கரைந்து, குறைந்த அழுத்தமுள்ள பக்கத்துப் பெரிய குமிழிக்கு நகர்ந்துவிடுகிறது. பணமுள்ளவரிடமே பணம் போய்ச் சேரும் கதை. சின்னது சுருங்கி மறைகிறது, பெரியது இன்னும் பெருக்கிறது. போதாததற்கு, குளூட்டன் வலை பலவீனமாக இருப்பதால் அடுத்தடுத்த குமிழிகளுக்கு நடுவிலுள்ள சுவர் கிழிந்து இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. மாவு தளர்ச்சியாக இருப்பதால் பெரிய குமிழிகள் மேல்நோக்கி மெல்ல நகரவும் செய்கின்றன.

சாண்ட்விச் பிரெட் செய்பவர் இதை நடக்க விடமாட்டார். முதல் முறை பொங்கியதும் மாவைக் குத்தி அமுக்கி, மடித்து, உருட்டி வைப்பார். ஒவ்வொரு குத்தும் ஒரு பெரிய குமிழியைப் பல சின்னக் குமிழிகளாகப் பிரிக்கிறது. சீரான, பஞ்சு போன்ற உட்பகுதி அந்த இரண்டாம் கைவேலையின் பலன். மஃபின் பிரெட்டை ஒருமுறைதான் பொங்கவிடுகிறோம், அதுவும் நேராக டின்னிலேயே. குத்துவதில்லை, மடிப்பதில்லை. பெரியது பெரியதாகவே இருந்துவிடுகிறது. தேர்வாளரின் முதல் இரண்டு குற்றச்சாட்டுகளுக்கும் பதில் இதில் இருக்கிறது.

ஓவனுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூடு ஏற ஏறக் கரைந்திருந்த கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது, ஆல்கஹால் ஆவியாகிறது, நீராவி சேர்கிறது. எல்லாம் குமிழிகளை ஊதுகின்றன. 55 முதல் 60 டிகிரிக்குள் ஈஸ்ட் செத்துவிடும். அதற்கு மேலே போனால் மாவுச்சத்து மணிகள் தண்ணீரை இழுத்து உப்பிக் கூழாகின்றன, புரத வலை இறுகுகிறது. நீட்ட முடியாத நிலைக்கு வந்த குமிழிச் சுவர்கள் அங்கங்கே வெடித்து, தனித்தனி அறைகளாக இருந்தவை ஒன்றுக்கொன்று வழி திறந்துகொள்கின்றன. நுரையாக உள்ளே போனது கடற்பஞ்சாக வெளியே வருகிறது. ரொட்டியின் நடுப்பகுதி 88 டிகிரியைத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். மேல்தோல் சிவக்கவில்லையே என்று இன்னும் விட்டுவைத்தால் டோஸ்டருக்கு வேண்டிய ஈரம் போய்விடும். இது மூன்றாவது குற்றத்துக்கான பதில்.

உண்மையான சமையல் டோஸ்டரில்தான் ஆரம்பிக்கிறது. அந்தக் கருவியின் வரலாறு கம்பியின் வரலாறு. திரும்பத் திரும்பச் செக்கச்சிவக்கக் காய்ந்தும் அறுந்துபோகாத கம்பி கிடைக்கும்வரை மின்சார டோஸ்டர் என்பது வெறும் ஆசை. ஆல்பர்ட் மார்ஷ் உருவாக்கிய, நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் என்ற உலோகக்கலவைக்கு 1906இல் காப்புரிமை கிடைத்தது. குரோமியம் தன்மேல் ஆக்ஸைடு படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு கம்பியைக் காக்கிறது. 1909இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் டோஸ்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரொட்டி தானாகத் துள்ளி வெளிவரும் வகைக்கு மினசோட்டாவின் சார்ல்ஸ் ஸ்ட்ரைட் 1921இல் காப்புரிமை பெற்றார். 1893இலேயே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மின்சார டோஸ்டரைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எங்காவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள். அது மாணவர்கள் விளையாட்டாக விக்கிப்பீடியாவில் எழுதிவைத்த பொய். பல ஆண்டுகள் யாரும் சந்தேகப்படாமல் இருந்து, 2022இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

சிவந்த கம்பியிலிருந்து அகச்சிவப்புக் கதிர் ரொட்டியின் முகத்தில் படுகிறது. ஆனால் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. வரும் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஈரம் போன இடம் மட்டும் மளமளவென்று மேலே ஏறி, 140 டிகிரியைக் கடந்து சிவக்கத் தொடங்கும். மேடுபள்ளமான துண்டில் எந்த இடம் முதலில் காயும்? மேடுகளின் நுனி. அதற்குப் பல பக்கமும் சூடு படுகிறது, உள்ளே இருக்கும் ஈரமும் கொஞ்சம்தான். பள்ளம் நிழலில் இருக்கிறது, அடியில் ஈரமான ரொட்டி இருக்கிறது. ஆகவே நுனிகள் கருஞ்சிவப்பு, சரிவுகள் பொன்னிறம், குழிகள் இன்னும் வெள்ளை. ஒரே கடியில் மூன்று பதம் கிடைப்பது இதனால்தான். வழவழப்பான சாண்ட்விச் துண்டு முழுவதும் ஒரே நேரத்தில் காய்ந்து ஒரே நிறத்துக்குப் போய்விடுகிறது.

இந்தச் சிவப்பின் வேதியியலை முதலில் விவரித்தவர் பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மயார், ஆண்டு 1912. அமினோ அமிலங்களும் சில வகைச் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து, நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களாகப் பிரிந்தும் கூடியும் நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. இப்போது செய்முறைக்குத் திரும்பிப் போய்ப் பாலைப் பாருங்கள். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை ரொட்டி ஈஸ்ட்டால் தின்ன முடியாது. நாம் போட்ட சாதாரணச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடும், லாக்டோஸ் தொடாமல் கிடக்கும். மயார் வினைக்கு வேண்டிய சரியான வகைச் சர்க்கரை அது. லைசின் என்ற அமினோ அமிலம் இந்த வினையில் மிகச் சுறுசுறுப்பானது. கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு, பால் புரதத்தில் நிறைய. தண்ணீர் மட்டும் ஊற்றிச் செய்தாலும் ரொட்டி வரும், ஆனால் டோஸ்டரில் அது சோகையாகத்தான் சிவக்கும்.

ஆப்ப சோடாவின் கதையும் இதோடு சேர்ந்ததே. ஈஸ்ட் வேலை செய்த மாவு லேசாகப் புளித்திருக்கும். சோடா அந்தப் புளிப்பைத் தணிக்கிறது, கொஞ்சம் வாயுவும் தருகிறது. அதைவிட முக்கியம், காரத்தன்மை ஏறினால் மயார் வினை வேகமாகும். சோடா கொஞ்சம் கூடிப்போனாலும் ரொட்டியில் சோப்பு வாடை அடிக்கும் என்பது ஆப்பம் சுடுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கால் தேக்கரண்டியோடு நின்றுகொள்வது நல்லது.

வினையில் பிறக்கும் மணப்பொருள்களில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லியே ஆக வேண்டும். 2-அசிட்டைல்-1-பைரோலின். ஒரு லிட்டர் தண்ணீரில் 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். சிவந்த ரொட்டித் தோலின் மணத்துக்கு முதன்மைக் காரணம் இது. பாஸ்மதி அரிசியின் மணத்துக்கும் இதேதான் காரணம். இலங்கைச் சமையலில் கறியிலும் சோற்றிலும் போடும் ரம்பை இலையின் வாசத்துக்கும் இதேதான். இலையும் அரிசியும் செடியிலேயே தயாரித்துக்கொள்வதை ரொட்டி, சூட்டில் தயாரிக்கிறது. டோஸ்டர் வேலை செய்யும்போது யாரோ பிரியாணிக்கு அரிசி களைவதுபோல் மூக்குக்குப் பட்டால் அது பிரமை இல்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு வெண்ணெய். இதில் அவசரம் தேவை. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகும். டோஸ்ட் வெளியே வந்த முதல் நிமிடத்தில் வைத்தால் முழுக்க உருகிப் பள்ளங்களில் இறங்கும். பெரிய குழிகளில் அது தேங்கி நிற்கிறது, நுண்ணிய துளைகள் அதை நுண்புழை ஈர்ப்பால் உள்ளே இழுக்கின்றன. முறுகல் என்பது ஈரம் வற்றிக் கண்ணாடிபோல் இறுகிய மாவுச்சத்து. தண்ணீர் பட்டால் அது தொய்ந்துவிடும், கொழுப்பு பட்டால் தொய்யாது. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர் இருப்பதால் வெண்ணெய் டோஸ்ட்டை ஆறவிட்டால் முறுகல் போகத்தான் செய்யும். நெய்யில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே முறுகல் நெடுநேரம் நிற்க வேண்டும் என்றால் நெய்தான் சரி. ருசியில் என் ஓட்டு உப்பு வெண்ணெய்க்கு. உடனே தின்றுவிட்டால் தொய்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை.

ஹன்னா கிளாஸின் எச்சரிக்கைக்கு வருவோம். மஃபினைக் கையால் பிய்த்தால், அல்லது இன்றைய வழக்கப்படி முட்கரண்டியால் சுற்றிலும் குத்திப் பிளந்தால், பிளவு எங்கே பலவீனமோ அங்கேதான் ஓடும். பலவீனமான இடம் குமிழிகளின் மெல்லிய சுவர். சுவர்கள் உடைந்து, குமிழியின் கிண்ணங்கள் முழுசாக இரண்டு பக்கமும் தங்கிவிடும். கத்தியோ தான் நினைத்த நேர்கோட்டில்தான் போகும். மேடுகளைச் சீவி, சீவிய ஈரத் தூளைக் குழிகளுக்குள் தேய்த்து அடைத்துவிடும். அடைபட்ட பரப்பு சீராகக் காயாது. ஈயக் கனம் என்று அவர் சொன்னது இதைத்தான்.

டின்னில் சுட்ட ரொட்டிக்கு இங்கே ஒரு நிஜமான பின்னடைவு இருக்கிறது. அதைக் கத்தியால்தான் வெட்டியாக வேண்டும். மேடுபள்ளப் போட்டியில் வட்ட மஃபின் ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் பல் வைத்த கத்தியால், ரொட்டி முழுக்க ஆறியபின், அழுத்தாமல் அறுத்தால் இழப்பைக் குறைக்கலாம். சூடாக இருக்கும்போது மாவுச்சத்துக் கூழ் இன்னும் இறுகியிருக்காது, கத்தியில் ஒட்டி இழுபடும். ஒரு துண்டு ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். மெல்லியதாக வெட்டினால் ஓட்டை வழியே வெண்ணெய் தட்டில் ஒழுகும்.

கடையில் வாங்குவது மட்டமா? அப்படிச் சொல்ல மாட்டேன். பாக்கெட்டின் பின்பக்கத்தில் கால்சியம் புரோபியோனேட் என்று இருந்தால் பதற வேண்டியதில்லை. இவ்வளவு ஈரமான ரொட்டி பூஞ்சைக்குப் பெரிய விருந்து. புரோபியோனேட் அதைத் தடுக்கிறது. அது அமிலச் சூழலில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் பக்கத்திலேயே வினிகரும் இருக்கும். கடை மஃபினில் நாக்குக்கு எட்டும் மெல்லிய புளிப்பு பெரும்பாலும் அந்த வினிகர்தான். வீட்டு ரொட்டியில் இந்தக் காவல் எதுவும் இல்லை. வெயில் காலத்தில் இரண்டே நாளில் பச்சைப் பொட்டு வந்துவிடும்.

உடனே குளிர்சாதனப் பெட்டிதானே நினைவுக்கு வருகிறது? அங்கே பூஞ்சை சீக்கிரம் வராது, ஆனால் ரொட்டி விறைத்துப்போகும். ரொட்டி பழையதாவது காய்வதால் என்பது பொதுநம்பிக்கை. நீர் குறையாமலே ரொட்டி விறைக்கிறது, மறுபடி சூடாக்கினால் மிருதுவாகிறது என்று 1852இலேயே பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோ காட்டிவிட்டார். வேகும்போது கலைந்த மாவுச்சத்து மூலக்கூறுகள் ஆறிய பிறகு மெல்ல மீண்டும் படிகமாக அடுக்கிக்கொள்கின்றன. உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டில், இந்த அடுக்கல் மிக வேகமாக நடக்கும். உறைந்துவிட்டால் அது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே ஆறியதும் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டியதை அப்படியே எடுத்து டோஸ்டரில் போடலாம். 60 டிகிரியைத் தாண்டும்போது படிகங்கள் மறுபடி இளகிவிடும். டோஸ்ட் செய்யாமல் இந்த ரொட்டியை யாரும் தின்னப் போவதில்லை என்பதால், எல்லா ரொட்டிகளையும்விட ஃப்ரீசர் வாழ்க்கை இதற்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து இங்கே செய்பவர்களுக்கு இரண்டு இடங்களில் சறுக்கும். பாலையும் தண்ணீரையும் 50 டிகிரிக்கு மேல் சுடவைத்து ஊற்றச் சொல்வார்கள். அவர்கள் சமையலறை குளிர்ச்சியானது, மாவும் குளிர்ந்திருக்கும்; கலந்ததும் சூடு 40ஐ ஒட்டி இறங்கிவிடும். சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் மாவே 32, 33 டிகிரியில் இருக்கும். அதே சூட்டில் ஊற்றினால் ஈஸ்ட் திணறும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும், பொங்கும் நேரத்தையும் கடிகாரத்தைப் பார்க்காமல் டின்னைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அளவுக்கு மீறிப் பொங்கினால் பலவீனமான வலை தாங்காது, ஓவனில் நடுவில் குழிந்துவிடும். இன்னொன்று, டின்னில் தூவ வேண்டியது மக்காச்சோள ரவை. மளிகைக் கடையில் கார்ன் ஃப்ளவர் என்று கேட்டால் கைக்கு வருவது வெள்ளை வெளேரென்ற சோள மாவுச்சத்து. அதைத் தூவினால் ஈரத்தில் பசையாகி, ரொட்டியை டின்னோடு ஒட்டிவிடும். ரவை கிடைக்காவிட்டால் கோதுமை ரவையே போதும். நம் மைதாவில் புரதம் குறைவு என்று கவலைப்படுபவர்கள் இந்த ஒரு ரொட்டிக்காவது கவலையை விடலாம்.

டோஸ்டரின் திருகை எதுவரை திருப்புவது என்பது மட்டும் பாக்கி. மாவுச்சத்துப் பண்டங்களைச் சிவக்க வைக்கும்போது அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அக்ரிலமைடு உண்டாகிறது என்று 2002இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். விலங்குகளில் அது புற்றுநோயைத் தூண்டுகிறது. மனிதருக்கு உணவு வழியாக எவ்வளவு தீங்கு என்பது தீர்க்கமாக நிறுவப்படவில்லை. ஆனாலும் கருக்காமல் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2017இல் மக்களுக்கு அறிவுறுத்தியது. இந்த ரொட்டியில் நுனிகள் முந்திக்கொண்டு சிவக்கும் என்பதால், நிறத்தைப் பார்க்க வேண்டிய இடம் சரிவுகள். அவை பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். நுனியில் ஒன்றிரண்டு கருத்திருந்தால் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டு வெண்ணெயை வையுங்கள்.